பிலோமினாவுக்குக் காது கேட்கவில்லை

என் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு பிலோமினா என் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். சத்தம் வராது. உதடு அசையும், விரல்கள் ஓடும், அவ்வளவுதான். உள்ளேயிருந்து என் மனைவியும் அதே மாதிரி பதில் சொல்கிறாள். நடுவில் சவரக்கத்தியோடு நிற்கும் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. இருவரும் ஒருசேர என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, பேச்சு யாரைப் பற்றியது என்பது மட்டும் புரியும்.

நாங்கள் இத்தாலியிலிருந்து கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள். என் மனைவி உட்பட, இங்கே ஆற்றங்கரை மில்லின் தறிக்கூடத்தில் வேலை பார்த்த பெண்கள் எல்லோருக்கும் இந்த வித்தை உண்டு. அங்கே தறிகள் போடும் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் பிலோமினாவுக்கு இரண்டே குரல்கள். ஒன்று, சத்தமே இல்லாதது. இன்னொன்று, தெரு தாங்காதது. போன சனிக்கிழமை கதவைத் திறந்து தலையை நீட்டி, "அண்ணே, நீங்க நுரை போடுறதுக்குள்ள ஆளு தூங்கிட்டாரு. உசிரு இருக்கான்னு பாத்துட்டுக் கத்திய வைங்க" என்றாள். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்ததில் நுரை என் மூக்கில் அப்பியது.

கோயிலில் பூசை நேரம் முழுக்க அவள் உதடுகள் அசைந்தபடியே இருக்கும். பாதிரியார் உருகிப்போய், செபம் என்றால் பிலோமினாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். அவள் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம், புது மருமகள் மக்ரோனியைக் கஞ்சியாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

ஆள் குட்டை. தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டையின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தே முன்பல் ஒன்று தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூடத் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். மேஸ்திரி இன்னொரு தறியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், பணிவாக முகத்தைச் சுளித்து, உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைப்பாள். அவன் இன்னும் கத்துவான். கை இன்னும் கொஞ்சம் குவியும். தொண்டை கட்டிப்போய் அவனே நகர்ந்துவிடுவான்.

பக்கத்துத் தறி யாட்விகாவுடையது. போலந்துக்காரி. அவள் பாஷை இவளுக்குத் தெரியாது, எங்கள் இத்தாலிய மொழி அவளுக்குத் தெரியாது. இருந்தும் வருஷக்கணக்காக இருவரும் பேசித் தீர்த்தார்கள், கையாலேயே. இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி. கையைத் தொட்டிலாக்கி ஆட்டினால் யாருக்கோ குழந்தை. வாயிலிருந்து நூலை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே போனால், எவனோ சரடு விடுகிறான் என்று அர்த்தம்.

போன குளிர்காலத்தில் பெண்களின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். முதலாளி அந்தச் சாக்கில் கூலியையும் குறைத்தார். ரொட்டி விலையை யாரும் குறைக்கவில்லை. இத்தாலியர், லித்துவேனியர், சிரியாக்காரர் என்று மில்லே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டது. மூன்றாம் மாடித் தறிக்கூடத்தில் போலந்துப் பெண்கள் மட்டும் வரவில்லை. அந்தத் தறிகளின் சத்தம் பகலெல்லாம் எங்கள் தெருவரை கேட்கும். அது கேட்கக் கேட்க வெளியே நின்றவர்களுக்கு மனசு விட்டுப்போனது.

பிலோமினாவின் கணவன் ரோக்கோவே என் கடையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னான். "அவளுக அங்க நெய்யிறாளுக, நாம இங்க பட்டினி கிடக்கோம். திங்கக்கிழமை உள்ள போயிரலாம், பிலோ." பாதித் தெரு அதே நினைப்பில்தான் இருந்தது. அவர்கள் போயிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

பிலோமினா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "யாட்விகா அப்படிப்பட்டவ இல்ல. நாமெல்லாம் திரும்பப் போறதா அந்த மேஸ்திரி அவ காதுல சரடு விட்டிருக்கான். நான் போயி அறுத்துட்டு வாரேன்."

மில் வாசலில் நிற்கக்கூடாது, கத்தக்கூடாது என்று போலீஸ் உத்தரவு. நடக்கக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அதனால் எல்லோரும் சங்கிலியாக மில்லைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். சவரம் செய்துகொள்ள ஆள் வராததால் நானும் கடையைப் பூட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டேன், பிலோமினாவுக்குப் பின்னால்.

மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழே வரும்போதெல்லாம் அவள் கைகள் ஓடின. ஒரு போலீஸ்காரர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். "குளிருதுங்க, விரலு மரத்துப்போச்சு" என்றாள். பாவம், அவரும் தம் கைகளை ஊதிக்கொண்டே நகர்ந்தார்.

அடுத்த சுற்றில் மேலே யாரோ முழங்கையால் கண்ணாடிப் பனியைத் துடைத்தார்கள். யாட்விகாவின் முகம். பிலோமினா மீசையை முறுக்கினாள். வாயிலிருந்து நூலை இழுத்தாள், இழுத்தாள், கை நீளும் மட்டும் இழுத்தாள். பிறகு இரண்டு விரலால் வெட்டினாள். கடைசியாகக் கையை வீசி எங்கள் வரிசை முழுவதையும் காட்டினாள். எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், ஒருவரும் போகவில்லை. அதுவரை புரியாத எனக்கே அது புரிந்தது.

மறுபடி சுற்றி வந்தபோது ஜன்னலில் யாரும் இல்லை. பிலோமினாவின் முகம் விழுந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

மூலை திரும்புவதற்குள் தறிச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. பனியில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. இவள் எங்கள் தெருக்காரி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கதவு திறந்து, தலையெல்லாம் பஞ்சோடு அந்தப் பெண்கள் படியிறங்கி வந்தார்கள். முன்னால் வந்த யாட்விகா நேராகப் பிலோமினாவின் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னாலேயே தொப்பிகூட இல்லாமல் மேஸ்திரி ஓடிவந்து, எல்லாரும் தறிக்குத் திரும்புங்கள் என்று கத்தினான். மில்லில் ஒரு சக்கரம்கூட ஓடவில்லை. அவன் குரல் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

பிலோமினா பணிவாக முகத்தைச் சுளித்து, உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைத்தாள். யாட்விகா அவளைப் பார்த்தாள். பிறகு தன் கையையும் குவித்து மெல்லக் காதருகே கொண்டுபோனாள்.