சாம்பலைக் கலைத்தது நான்

என் அண்ணன் பொய்யர். ஊரில் அவரைப் பெரிய மனிதர் என்கிறார்கள், இருக்கட்டும். போன சித்திரைத் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண்ணை முட்டைத் திருடி என்று அம்மன் காட்டிக்கொடுத்த கதையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் இப்போது உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகளையும் பேரன்களையும் இன்றுவரை ஊர் ‘முட்டைக்காரி வூட்டு ஆளுங்க’ என்றுதான் சொல்கிறது. அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த முட்டைகளைத் தின்றது ஓர் உடும்பு. அண்ணனுக்கு அது தெரியும். எனக்கு அவருக்கு முன்பே தெரியும். அதனால் அவரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில். ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்கு இருபது வயது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஏழு மாதம் முடிந்திருந்தது. குனியாதே, தூக்காதே, வெயிலில் நிற்காதே என்று அம்மா எந்த வேலையையும் தொடவிடவில்லை. வீட்டுக்குள் புழுக்கம். பின்னால் இருந்த தோட்டத்தில், மாமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் போய்ப் படுத்தால் பொழுது சாயும்வரை அங்கேதான்.

கல்யாணத்துக்கு முன்பு அந்தத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் ஓடியாடியிருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை. அந்தக் கோடையில்தான் பார்த்தேன். வாழைப்பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். எலுமிச்சை இலையில் புழு இருக்கிறதா என்று பார்க்க வருகிற மாதிரி தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒன்றாக வந்து, ஒன்றை ஒன்று ஏசிக்கொண்டே போகும். பீர்க்கம் பந்தல் காலில் ஓர் ஓணான் தொண்டை சிவக்க என்னைப் பார்த்துத் தண்டால் எடுக்கும். அணில் கடித்துப் போட்ட மாங்காய் கட்டிலின் மேலேயே விழும். குளவி ஒன்று கட்டில் காலில் மண் கூடு கட்டியது. தினமும் எத்தனை நடை போகிறது என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். இத்தனைக்கும் நடுவில் வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை. அதைச் சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று கீழே தெரியும்.

உடும்பு கிணற்றுச் சுவரில் இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு பொந்து. காலையில் தலையை மட்டும் நீட்டி வெயில் காயும். உச்சிப்பொழுதில், ஆள் நடமாட்டம் அடங்கியதும், வெளியே வரும். நாக்கை நீட்டி நீட்டி, அவசரமே இல்லாமல், சொந்த நிலத்தைச் சுற்றிப்பார்க்கிற ஆள் மாதிரி நடக்கும். என் கட்டிலுக்கு நாலு முழம் தள்ளிப் போகும். நான் அசையமாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அன்றைக்கே நாயை விட்டுப் பிடித்து, குழம்பு வைக்கச் சொல்வார். எங்கள் பக்கம் உடும்பைக் கண்டவர்கள் விடமாட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாங்கள் அவரை ‘வாடி, போடி’ என்றோம். அவர் என்னைச் ‘சின்னம்மா’ என்றார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். எழுதி என்ன பிரயோஜனம்? விடிந்ததும் தோட்டம் கூட்டி, சாணி தெளித்து, மதியத்துக்கு மேல் செடிகளுக்குத் தண்ணீர் கட்டுவார். எங்களிடம் தமிழிலும் கோழிகளிடம் தெலுங்கிலும் பேசுவார். கோழிகள் எங்கள் பேச்சைவிட அவர் பேச்சைத்தான் கேட்டன.

என் பிரசவத்துக்காக அம்மா ஒரு பெட்டைக் கோழியை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டிருந்தார். கோழி மட்டும் இல்லை, அது பொரிக்கிற குஞ்சுகளும் அம்மனுக்கு. மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு கூடையில் மணலைப் பரப்பி, பதின்மூன்று முட்டை வைத்து அடை வைத்தார். கோடை இடியில் முட்டை கெட்டுப்போகக் கூடாது என்று கூடவே ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் வைத்தார். மற்ற முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு கோடு போட்டிருந்தார்.

அடைக்கோழி நாள் முழுக்க எழுந்திருக்காது. உச்சியில் ஒரே ஒரு தடவை தண்ணீர் குடிக்கவும் இரை பொறுக்கவும் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் உடும்புக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் இரண்டு முட்டை குறைந்தது. அடுத்து இன்னும் இரண்டு. ஓட்டுத் துண்டு கூடக் கிடைக்கவில்லை. கீரி தின்றிருந்தால் ஓடு கிடக்கும் என்று அண்ணன் சொன்னார். அம்மா அழுதார். சாமிக்கு விட்டது குறைந்தால் பிரசவத்தில் என்ன ஆகுமோ என்று பயம். மறுநாள் காலை தோட்டம் கூட்டி முடித்த பிறகு, அண்ணன் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூடையைச் சுற்றித் தூவினார்.

“பாம்புன்னா கோடு விழும். ஆளுன்னா காலு விழும். ரெண்டுல ஒண்ணு சாயந்தரம் தெரிஞ்சிடும். ஒருத்தரும் கிட்டப் போவக்கூடாது” என்றார்.

உச்சியில் கோழி இறங்கியது. உடும்பு வந்தது. ஒரு முட்டையை அப்படியே விழுங்கிவிட்டு வந்த வழியே போனது. சாம்பலில் நகத்தோடு நாலு கால் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் அச்சு அச்சாக விழுந்திருந்தன. அதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட உடும்பு என்று சொல்லிவிடும்.

நான் எழுந்து போனேன். மூலையில் சாத்தியிருந்த தோட்டத்துத் துடைப்பத்தை எடுத்துச் சாம்பலை இழுத்துவிட்டேன். தடம் போய்விட்டது. துடைப்பத்தின் கோடு விழுந்திருப்பதை நான் கவனிக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் உள்ளே கூட்டுகிற துடைப்பம் வேறு. தோட்டத்துத் துடைப்பத்தை நாங்கள் யாரும் கையால் தொடமாட்டோம். சாணி அள்ளுகிற இடத்தைக் கூட்டுவது. அது தோட்ட வேலைக்கு வருகிற சாதிக்காரர்கள் தொடுகிற சாமான். சாயந்தரம் அண்ணன் அந்தக் கோடுகளைப் பார்த்ததும், வேறு யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“தடத்த அழிக்கற அளவுக்கு வந்துட்டியா?” என்றார்.

“நா தொடலீங் எசமான். தண்ணி கட்டத்தான் வந்தன். வரப்பவே அது அப்படித்தான் இருந்துது.”

“அப்ப தொடப்பம் தானா எந்திரிச்சு கூட்டிச்சா?”

அந்தப் பெண் என் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாள் முழுக்க அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரம் அணைக்கச் சொன்னார் அண்ணன். கொளுத்திய கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று அம்மன் பேரில் சத்தியம் செய்யவேண்டும். அந்தக் காலத்தில் அவர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். சத்தியம் செய்வதற்கு மட்டும் வெளியே ஒரு கல் இருந்தது. அது வரைக்கும் வரலாம். நேர்த்தி என்னுடையது என்பதால் நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பாதி ஊர் வந்திருந்தது. வேடிக்கைதானே.

“எசமான், அஞ்சு முட்டையத் துன்னுட்டு நா இப்பிடிக் காஞ்சா கெடப்பன்? என் எலும்ப எண்ணிப் பாருங்க” என்றார் அவர். கூட்டம் சிரித்தது. அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“வாய் நீளுது. கற்பூரத்த அண.”

“அணைக்கறன். நா எடுக்கல, சாம்பலத் தொடல. தொட்டது யாருன்னு தாயிக்குத் தெரியும், தொட்டவங்களுக்கும் தெரியும்.”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார். ஓங்கி அடித்தார். பாதி அணைந்தது, ஒரு துண்டு கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அதை உதறித்தான் அணைத்தார். அவ்வளவுதான். “பாத்தீங்களா, அம்மன் ஒத்துக்கல, கையச் சுட்டுட்டா” என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். அங்கேயே ஒருவன் ‘முட்டைக்காரி’ என்றான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். முதலில் நான் மறைத்தது உடும்புக்காக. அது உண்மை. ஆனால் கோயில் வாசலில் உடும்பு என் ஞாபகத்திலேயே இல்லை. சாமிக்கு விட்ட முட்டையை உடும்பு தின்றதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள், துடைப்பத்தைத் தொட்டாள் என்று மாமியார் வீட்டுக்குப் பேச்சுப் போய்விடும் என்கிற பயம்தான் இருந்தது. ஒரு பேச்சுக்குப் பயந்து இன்னொருத்தர் கையைச் சுடவிட்டேன்.

ஆறேழு நாள் கழித்து, நாய் கிணற்றடியில் உடும்பைப் பிடித்துவிட்டது. அண்ணனே அறுத்தார். வயிற்றைப் பிரித்தபோது அன்றைக்கு விழுங்கிய ஒரு முட்டை, பாதி நசுங்கி, ஓட்டோடு இருந்தது. ஓட்டில் அம்மா போட்ட கரிக்கோடு. நான் இரண்டடி தள்ளி நின்றேன். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அந்த முட்டையை வாழைக்குப் போகிற வாய்க்காலில் கழுவிவிட்டார்.

“ஊரக் கூட்டியாச்சு. இனி இத வெளிய சொன்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது? நீயும் வாய மூடிக்க” என்றார்.

எனக்கு அது சௌகரியமாக இருந்தது. மூடிக்கொண்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பலம் என்று அந்தக் கறியை எனக்குத்தான் முதலில் வைத்தார்கள். தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவருக்கு அதற்குப் பிறகு எந்த வீட்டுத் தோட்டத்திலும் வேலை இல்லை. ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போனார். நான் கைப்பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது, ரோட்டோரம் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்ததை மாட்டு வண்டியிலிருந்து பார்த்தேன். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. பிள்ளையைப் பார்த்து, “நல்லபடி பொறந்துச்சா சின்னம்மா?” என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைதான் ஓசூரில் தொழிற்சாலைக்குப் போய் ரிட்டயரும் ஆகிவிட்டான். மூக்கண்டப்பள்ளியில் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். வாசலில் நாலு தொட்டியில் செடி. தேன்சிட்டு வருகிறது. பேத்தி கூப்பிட்டுக் காட்டுகிறாள். நான் சரியாகப் பார்ப்பதில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு எதையும் நின்று பார்த்தால் கூடவே அந்தத் துடைப்பமும் ஞாபகம் வருகிறது.

இத்தனை வருஷம் நீங்களும் நானும் பேசாமல் இருந்தோம், அண்ணா. பேசாமல் இருந்தது ஒரு தப்பு. நீங்கள் மைக்கைப் பிடித்து அதையே அம்மன் மகிமையாகச் சொன்னீர்கள் பாருங்கள், அது வேறு தப்பு. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவர் பேரன்கள் நிற்கும்போது சொன்னீர்கள்.

சாம்பலைக் கலைத்தது நான். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். என் பங்குக்கு என்னை ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். வருகிற சித்திரையில் அதே கோயில் வாசலில், அதே மைக்கில், அவர் வீட்டு ஆட்களை முன்னால் உட்காரவைத்து நீங்கள் பதில் சொல்லுங்கள்: உடும்பு வயிற்றில் கரிக்கோடு போட்ட முட்டையைப் பார்த்தீர்களா, இல்லையா?