செம்பட்டிக்குப் புளிச்ச தண்ணி வாங்கப் போனது

இந்த ஆடியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் முறை முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. திண்டுக்கல்லுக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊற்ற வேண்டும். வியாழன் இரவு பாக்கெட் கம்பு மாவைக் கரைத்து வைத்தேன். வெள்ளி காலையில் பார்த்தால் பொங்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை. நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு. அரைத்து நாளான கம்பு மாவு கசந்துபோகும் என்பது அப்போதுதான் உறைத்தது. கேழ்வரகுக்கு இத்தனை பாடு இல்லை, ஆனால் இந்தத் தெருவில் கம்பங்கூழ்தான் வழக்கம். தெருவே வந்து நிற்கும்போது கசந்த கூழை எப்படி ஊற்றுவது?

புதுக் கம்பு வாங்கி மில்லில் அரைத்தாயிற்று. புளிக்க வைக்கப் பழைய கூழின் புளிச்ச தண்ணி வேண்டும். செம்பட்டியில் என் நாத்தனார் வீட்டில் அது எப்போதும் இருக்கும்.

மாலை ஐந்தேகாலுக்கு பஸ் ஏறினேன். சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். விளக்கு வைத்துவிட்டால் தயிர் உறையானாலும் புளிச்ச தண்ணியானாலும் வீட்டை விட்டு வெளியே தர மாட்டார்கள், வெள்ளிக்கிழமை கேட்கவே வேண்டாம். அதுதான் என் அவசரம். பாதி வழியில் டயர் பஞ்சர். கண்டக்டர் செத்த நேரம் பொறுங்க என்றார். நான் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“விளக்கு வெச்சாச்சே, இனி எப்படித் தர்றது?” என்றார் நாத்தனார். காலையில் வாங்கினால் ஞாயிறுக்குள் புளிக்காது என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு சொம்பில் கூழ்த்தண்ணியை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

“தாகத்தோட வந்திருக்க, குடி. குடிக்கக் குடுத்தா குத்தமில்ல. அம்புட்டையும் குடிக்கணும்னு நான் சொல்லல” என்றவர், பூ எடுக்க உள்ளே போய்விட்டார். ரெண்டு மடக்கு குடித்தேன். மிச்சம் என் தூக்குவாளிக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் மூடியைப் பலமுறை தளர்த்தினேன். இறுக்கினால் பொங்கித் தள்ளிவிடுமோ, தளர்த்தினால் சிந்திவிடுமோ என்று இரண்டு பயம். பக்கத்து சீட்டுக்காரர் கள்ளு என்று நினைத்தாரோ என்னவோ, தள்ளி உட்கார்ந்தார்.

அன்று ராத்திரியே அந்தத் தண்ணியை விட்டுக் கரைத்த புது மாவு சனி மாலை நுரைத்திருந்தது. காய்ச்சினேன். ஞாயிறு காலை மோரும் வெங்காயமும் சேர்த்து ஊற்றினோம். ரெண்டாவது தடவை கேட்டு வந்தவர்களைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நீங்கள் இப்படிப் போவதாக இருந்தால் மத்தியானமே கிளம்புங்கள். எவர்சில்வர் தூக்குவாளியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பாக்கெட் மாவை நம்பாதீர்கள்.

அன்று மத்தியானம் நாத்தனாருக்கு போன் போட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லை மதினி என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“அடுத்த தடவைக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சியா?”

அண்டாவைத் திரும்பிப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.