கன்னத்தைப் பிடித்தபடி வில்லியனூருக்கு

காலை 8.20 மணி. பாகூரில் தனியார் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி செல்வியும். வில்லியனூர் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆளுக்கு இருபது ரூபாய். அங்கே கிளினிக்கில் ஒரு இளம் டாக்டரம்மா என் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி நான்கு நாளாகிறது. குறைய வேண்டிய வலி, முந்தின நாளிலிருந்து காதுவரை ஏறியிருந்தது. வாயைத் திறந்தால் எனக்கே நாறியது.

கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போது நெல்வயலுக்கு நடுவே வீட்டுமனைக் கற்கள் தெரிந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் தாடைக்குள் ஆணி இறங்கியது.

“சின்னப் பொண்ணு. உன் வாயில தொழில் பழகிக்கினு இருக்கா,” என்றாள் செல்வி.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பல் பிடுங்கிய அன்று சாயங்காலமே கடைத்தெருவில் இரண்டு சிகரெட் பிடித்திருந்தேன். அந்தப் பழக்கத்தை விட்டு ஆறு வருடமாகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள் அவள்.

9.15. கிளினிக்கில் ஆறு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் செல்வி எழுந்துவிட்டாள்.

“இன்னாம்மா பல்லு புடுங்குன நீ? மனுசன் ராவெல்லாம் தூங்கல. எலும்ப ஒடச்சிட்டியா?”

அதைக் கேட்டதும், காத்திருந்தவர்களில் கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே, டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். குழியை மூடியிருக்க வேண்டிய ரத்தக்கட்டி பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிகிறதாம்.

“சிகரெட் புடிச்சீங்களா சார்?”

“இல்லீங்க.”

“அப்ப நான்தான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். மன்னிச்சிருங்க.”

என் சீட்டை எடுத்து முதலிலிருந்து படித்துவிட்டு, கையுறை மாட்டினார். என் மகள் வயதுதான் இருக்கும்.

“புடிச்சேம்மா,” என்றேன். “அன்னிக்கே.”

செல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு வாடையடித்த மருந்தில் துணியை நனைத்து உள்ளே வைத்தார். பத்து நிமிடத்தில் வலி பாதியானது.

“மனசுல வச்சிக்காதம்மா,” என்று டாக்டரிடம் சொன்னாள் செல்வி. எனக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.

9.50. பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். ஒதியம்பட்டுக்காரராம். போய்ச் சொன்னேன்.

“ஐயா, டாக்டரம்மா மேல தப்பில்ல. சிகரெட் புடிச்சி நானே கெடுத்துக்கினேன்.”

“இத அங்கயே, அத்தினி பேரு முன்னாடி சொல்றதுக்கு இன்னா?” என்று கேட்டுவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் பஸ்ஸில் ஏறிப் போனார். திரும்பி கிளினிக்குக்குப் போய், மற்ற ஐந்து பேரிடமும் அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கால் வரவில்லை.

எங்கள் பஸ்ஸும் வந்தது. செல்வி முன்பக்கம் பெண்களோடு உட்கார்ந்தாள். கண்டக்டர் கேட்டபோது, பாகூருக்கு ஒரு டிக்கெட் மட்டும் வாங்கினாள்.