வாசலில் நின்ற தோசை மாஸ்டர்

போன பௌர்ணமி அன்று எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அன்று சாயங்காலமே ஒருவர் எனக்கு அன்னதானம் போட்டுவிட்டார்.

அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையில் ஒரு சின்ன ஓட்டல். அங்கே பதினெட்டு வருஷமாக நான் தோசை மாஸ்டர். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், யாரிடமும் பேச வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு கூச்சக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். இருப்பதில் நான்தான் சீனியர், அதனால் இனிமேல் நான்தான் வாசல் சூப்பர்வைசர் என்றார் முதலாளி. காவி நிறத்தில் புது யூனிஃபார்ம் சட்டை வேறு. கல்லுக்கு மறுநாள் முதல் வேறு ஆள் வருகிறாராம். அதாவது, வாசல் எனக்குச் சரிப்படவில்லை என்றால் உள்ளேயும் இடமில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்... எப்படி மறுப்பது?

நான்கு மணிக்குப் போய் நின்றேன். கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. "வாங்க சார்" என்று சொன்னால் போதும். அதுகூட வராமல், கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

காவிச் சட்டை, நாலு நாள் தாடி, பேச்சில்லாத ஆள். பௌர்ணமியில் அந்தப் பாதையில் இப்படி ஒருவன் நின்றால் என்ன நினைப்பார்கள்? ஒரு பெரியவர் புளிசாதப் பொட்டலத்தை என் கையில் வைத்து, "வாங்கிக்கோங்க சாமி" என்று கும்பிட்டார். நான் சாமி இல்லை என்று சொல்லவும் கூச்சம். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "யோவ் மாஸ்டர், நம்ம ஓட்டல் வாசல்லயே நின்னு அன்னதானம் வாங்கறியா?"

பாத்திரம் கழுவும் சரளா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். ஓயாமல் பேசுகிறவள். வாயைக் கம்மி பண்ணு என்று முதலாளி தினமும் திட்டுவார்.

"நீ உள்ள போண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவள் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. "இன்னாக்கா, கால் நோவுதா? செத்த உக்காந்துட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்தவர்கள் காபி கேட்டார்கள், பிறகு தோசை கேட்டார்கள். கல்லில் எனக்குக் கை ஓயவில்லை.

முதலாளி யாருக்கோ போன் போட்டு, கல்லுக்கு ஆள் வேண்டாம், பாத்திரம் கழுவ யாராவது இருந்தால் அனுப்பு என்று பேசியது காதில் விழுந்தது.

அதே வாய்தான். பின்கட்டில் இருந்தவரை தொல்லை, வாசலுக்கு வந்ததும் வியாபாரம். சோம்பேறி, வாயாடி என்று நாம் பெயர் வைக்கிற எத்தனை பேர், இப்படி இடம் மாறி நிற்கிறார்களோ?

மறுநாள் சரளாவிடம், உனக்குக் கூச்சமாகவே இல்லையா என்று கேட்டேன்.

"இத்தினி வருஷமா செவுத்துக்கிட்டதானே பேசினு இருந்தேன். மனுஷங்க கிட்ட பேசறதுக்கு இன்னாண்ணே கூச்சம்?"

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை வருஷமும் தோசை சுட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். ஒரு நாள்கூட "உம்" கொட்டியதில்லை.