ஓய்வுநாள் பொய்முடி

ஃப்ரைதா லேயா ஷ்பிக்லர் (1890–1944), போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்து, அதே நகரில் பொய்முடி தைப்பதைத் தொழிலாகக் கொண்டவர். மணமான பெண்கள் தம் கூந்தலைப் பிறர் காணவிடாத யூதக் குடும்பங்களே அவருடைய வாடிக்கையாளர்கள். ஜெர்மானியர்கள் யூதர்களை ஒரே பகுதிக்குள், கெட்டோவுக்குள், தள்ளி வேலி அடைத்த பின் பொய்முடிக்கு யாரும் வரவில்லை. அவர் வைக்கோல் காலணிப் பட்டறையில் கணவர் ஹெர்ஷ் பூனிமுக்கு அருகில் அமர்ந்து பின்னினார். தமக்கென வைத்திருந்த ஒரே நல்ல பொய்முடியை, செம்பழுப்பு நிறத்தது, சனிக்கிழமை ஓய்வுநாளில் மட்டும் அணிந்தார். மற்ற நாள்களில் தலையில் துணிதான்.

1942 செப்டம்பர் முதல் வாரத்தில் ஊரடங்கு வந்தது. பத்து வயது நிரம்பாதோர், அறுபத்தைந்தைக் கடந்தோர், நோயாளிகள் ஆகியோரைக் கொண்டுபோவதாக அறிவிப்பு. எங்கே என்று அறிவிப்பில் இல்லை. பூனிமுக்கு அறுபத்தொன்றே ஆகியிருந்தது. ஆனால் தாடியை மழித்த பின்பும் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. பார்ப்பவர்கள் எழுபது என்பார்கள். முற்றத்தில் வரிசையாக நிறுத்தும் அதிகாரி சான்றிதழைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்த்துக் கையை அசைக்கிறான் என்ற செய்தி சுவர் வழியாக, அவர்களும் நாங்களும் குடியிருந்த எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஃப்ரைதா முதலில் தொப்பியின் உள்விளிம்பில் முடி வைத்துத் தைக்க நினைத்தார். ஜெர்மானியன் முன் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வரவே அந்த எண்ணத்தை விட்டார். பிறகு ஓய்வுநாள் பொய்முடியை மேசையில் வைத்து, ஆண்களின் கிராப்பாகக் கத்தரித்தார். ரொட்டிக்கென ஒளித்து வைத்திருந்த கம்புமாவில் ஒரு கரண்டியைப் பசையாகக் காய்ச்சினார்.

பெண்களின் அணியை ஆண் அணியலாகாது என்ற வேத விதி பூனிமுக்குத் தெரியும். உயிருக்கு முன் அந்த விலக்கு நில்லாது என்பதும் தெரியும். அதை அவர் வாதிடவில்லை. அவருடைய கேள்வி வேறு.

"அவனுக்கு ஒரு எண்ணிக்கை இருக்கு, ஃப்ரைதா. நான் தப்பிச்சா அந்த இடத்துல யாரை வச்சு நிரப்புவான்?"

"அதை அவன்கிட்ட கேளுங்க. என்கிட்ட கேக்காதீங்க. தலையைக் குனிங்க."

செப்டம்பர் எட்டு, செவ்வாய்க்கிழமை முற்பகலில் விசில் ஒலித்தது. எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள். பூனிமுக்கு அடுத்து நின்றவர் கோப்பல் ஸைத்னர். பொத்தான் செய்பவர், நாற்பத்தொன்பது வயது. வசந்தகாலத்துக் காய்ச்சலில் அவர் தலை முழுவதும் நரைத்துவிட்டிருந்தது. அவர் பக்கத்தில் திரும்பி, பெரியவர்களை அழைக்கும் ‘ரெப்’ என்ற மரியாதைச் சொல்லோடு முணுமுணுத்தார்.

"ரெப் பூனிம், புது மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்களே. எந்தத் தரகர் வந்தார்? பொண்ணு வீட்டுல உருளைக்கிழங்கு உண்டான்னு கேட்டீங்களா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையிலிருந்த ஃப்ரைதா, கணவரின் நெற்றிப்பொட்டில் வியர்வை இறங்குவதையும், அங்கே முடியின் ஓரம் சற்றே உயர்ந்து, பசை வெள்ளைக் கோடாகத் தெரிவதையும் கண்டார். அது தெரிந்தது அவருக்கு மட்டுந்தானா, எல்லோருக்குமா என்று அறிய வழியில்லை. கையை உயர்த்திச் சைகை காட்டினால் அந்தக் கையே காட்டிக்கொடுக்கும். அதிகாரி வரிசையில் நெருங்கி வந்தான். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். இழுபடாமல் வர வேண்டுமென்று ஃப்ரைதா முன்னரே தளர்த்தித் தைத்திருந்த தொப்பியைப் பூனிம் இரண்டு விரல்களால் நேராக மேலே தூக்கினார். முடி அசையவில்லை. வயதைக் கேட்டபோது ஐம்பத்திரண்டு என்றார். கை வலப்புறம் அசைந்தது.

அடுத்து கோப்பல். அவர் நாற்பத்தொன்பது என்று உண்மையைச் சொன்னார். அதிகாரி சிரித்தான். கை இடப்புறம் அசைந்தது. கோப்பல் வேலை அட்டையை எடுத்து நீட்டியபடியே வண்டிக்குப் போனார். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் பூனிம் பொய்முடியை உரித்து மனைவியின் மடியில் வைத்தார். அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை. அன்று மாலை வரை ஃப்ரைதா மாடிப்படியில் எழும் ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து நின்றார். கடைசியில் வந்தவர் கோப்பலின் மனைவி ரோய்ஸா. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்; குரல் உயரவில்லை.

"அவருக்கும் ஒண்ணு தச்சுக் குடுத்திருக்கலாமே, ஃப்ரைதா. என்னோட டோப்பா பெட்டியிலேதான் கெடந்துச்சு."

"நாப்பத்தொம்போது வயசுக்காரரைப் பிடிப்பான்னு எனக்குத் தோணலை, ரோய்ஸா."

"எனக்கும் தோணலை."

ரோய்ஸா கீழே போய், அந்தப் பொய்முடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பின் ஃப்ரைதா, யாரும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. படியிலும் குழாயடியிலும் எதிர்ப்படும் ஒவ்வொருவரின் தலையையும் அளந்தார். எந்த வயதில் நரை தெரிந்தாலும் அந்த வீட்டுப் பெண்ணிடம் பொய்முடி இருக்கிறதா என்று விசாரித்தார். எங்கள் கட்டடத்தில் பலருக்கு அது எரிச்சலாக இருந்தது. சாவைத் தேடிக் கதவைத் தட்டுகிறாள் என்றார்கள். பிறகு அவர்களே வந்தார்கள். முதலில் தைத்தது ரோய்ஸாவின் முடியை. அது அடுத்த அறைத் தையற்காரருக்குப் போயிற்று. எத்தனை பேர் அவற்றால் தப்பினார்கள், தப்பியவர்களின் இடத்துக்கு யார் போனார்கள் என்பதை ஃப்ரைதா யாரிடமும் பேசியதில்லை. பூனிம் 1944 பிப்ரவரியில் நுரையீரல் நோயால், தம் வெள்ளைத் தலையோடு, படுக்கையில் இறந்தார்.

அவ்வாண்டு கோடையில் கெட்டோவையே காலி செய்து, எஞ்சியோரை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ரோய்ஸாவின் தலையும் அதற்குள் நரைத்திருந்தது. அவரிடம் மாட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஃப்ரைதா பெட்டியின் அடியில் கிடந்த துண்டு முடிகளை, மூன்று நிறத்தவை, ஒன்றோடொன்று சேர்த்து அவருக்காகத் தைத்தார். தைத்து முடித்தது 1944 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை.