சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி

கள்ளக்குறிச்சியில் என் சித்தியும் சித்தப்பாவும் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது சித்தப்பா. அவர் எடுத்து வந்ததை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து டிஸ்க்காக்குவது சித்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரே ஓர் அறைதான் ஸ்டூடியோ. ஆறாவது முடித்த கோடை விடுமுறையில் எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து போய் அவர்களோடு ஒரு மாதம் இருந்தேன். அந்த மாதத்தில் நான் செய்த ஒரு திருட்டுத்தனம் இது.

சித்தியின் கம்ப்யூட்டர் அப்போது ரொம்பத் திணறிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே படமாக மாற்றி முடிக்க ஒரு பகல் பிடிக்கும். திரையில் ஒரு நீலக்கோடு எறும்பு போல நகரும். நூறு வந்தால்தான் டிஸ்க். நடுவில் எதையாவது மாற்றினால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கிராபிக்ஸ் கார்டு போட்டால் சீக்கிரம் முடியும் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு கார்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஒன்று சிவப்புப் பெட்டியில் வருவது, மற்றது பச்சைப் பெட்டியில் வருவது. பச்சைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதல்.

உட்கார்ந்து படிக்க சித்திக்கு நேரமில்லை. என்னையும் அவள் மகனான அண்ணனையும் கூப்பிட்டாள்.

"நெட்டுல பாத்து எழுதிக்கினு வாங்க. குடுக்கிற காசுக்கு எது நல்லா வேலை செய்யும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

எங்கள் இருவருக்கும் வேறொரு தேவை இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தய விளையாட்டு உண்டு. கார் கிளம்பும், முதல் வளைவில் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதை முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அந்தக் கோடையின் லட்சியம்.

கோடு போட்ட நோட்டில் அட்டவணை கட்டினோம். நெட்டில் இருந்த சோதனைகள் எல்லாமே விளையாட்டை வைத்துச் செய்தவை. எந்த விளையாட்டு ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று இரண்டு பக்கமும் எழுதி, விலையை அந்த எண்ணால் வகுத்தோம். எல்லா வரியிலும் சிவப்புதான் ஜெயித்தது. அண்ணன் தேர்தல் முடிவு அறிவிப்பவனைப் போல ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தான்.

மூன்றாம் நாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது நான் மட்டும் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டேன். சித்தி வைத்திருந்த அதே எடிட்டிங் சாப்ட்வேரில் இரண்டு கார்டுகளையும் சோதித்திருந்தார்கள். பச்சை பாதி நேரத்தில் முடித்தது. சிவப்பை அந்த சாப்ட்வேர் சட்டையே செய்யவில்லை. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நேரம்தான். என் ஆங்கிலம் சுமார் என்றாலும் அது நன்றாகவே புரிந்தது. பக்கத்தை மூடினேன். நோட்டில் எழுதவில்லை.

சிவப்புப் பெட்டி வந்தது. கார் வளைவில் திரும்பியது மட்டுமல்ல, சாலையோர மரங்களின் நிழல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நீலக்கோடு மட்டும் எறும்பாகவே இருந்தது. "புதுசு இல்லியா, பழகணும்போல" என்றாள் சித்தி. நான் நோட்டை எடுத்து என் பைக்குள் தள்ளினேன்.

அடுத்த வாரம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு கல்யாணப் பெண் அவள் அப்பாவோடு காலையிலேயே வந்தாள். கல்யாணமாகி நாலு நாள்தான். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாலை நாலு மணி பஸ்ஸில் அவளும் மாப்பிள்ளையும் திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். அதற்குள் டிஸ்க் வேண்டும். மாப்பிள்ளை குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். முந்தின இரவே ஓடவிட்ட கோடு அறுபதில் இருந்தது.

அந்த அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சித்தி வீடியோவை ஓடவிட்டுக் காட்டினாள்.

"இன்னாம்மா, எதுனா மாத்தணுமா?"

"எங்க பெரியம்மா வர்ற எடம் சீக்கிரம் போயிடுதுக்கா. கொஞ்சம் நீட்டி வெக்கறீங்களா?"

சித்தி நீட்டினாள். கோடு ஒன்றுக்குப் போனது. அது முப்பதைத் தொட்டபோது, தோழிகள் சிரிக்கிற இடத்தில் வேறு பாட்டு கேட்டாள். திரும்பவும் ஒன்று. மத்தியானம் தாண்டி, அப்பா துண்டால் முகம் துடைக்கிற காட்சியைக் கடைசிக்கு மாற்றச் சொன்னாள். அவர் கதவோரம் நின்று, "அதெல்லாம் எதுக்கும்மா" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறை கோடு பின்னால் போகும்போதும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பச்சைப் பெட்டியாக இருந்தால் கோடு இரண்டு மடங்கு வேகத்தில் ஏறியிருக்கும்.

மூன்றரை மணிக்கு மாப்பிள்ளை குக்கரும் குடமுமாக மாடியேறி வந்தபோது கோடு நாற்பதில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சித்தியிடம் பக்கத்தைப் பார்த்ததையும் மறைத்ததையும் சொல்லிவிட்டேன்.

சித்தி என் காதைப் பிடித்துத் திருகினாள். "ஒன்னிய நம்பி அவ்ளோ காசு போட்டேன் பாரு!" மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க, நாளைக்குக் காலீல கண்டிப்பா குடுத்துடறேன்" என்றாள். பெண்ணின் அப்பாதான் முதலில் பதில் சொன்னார். "அவசரம் ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கு வூட்டுக்கே போயிட்டு நாளைக்கு வரோம்." மாப்பிள்ளை ஒருநாள் லீவு சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று பேரும் மலைக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில் ஏறினார்கள். அந்த அக்கா போகும்போது என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். நான் ஒருத்தி கெடுத்த பயணத்துக்கு எனக்கே பழமா என்று குழம்பினேன்.

சித்தி கடைக்காரரிடம் சண்டை போட்டு, மேலே காசு கொடுத்துப் பச்சைப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டாள். அதிலும் விளையாட்டு ஓடியது, கொஞ்சம் நிழல் குறைவு. கல்யாணங்கள் அரைப் பகலில் முடிந்தன. ஒரு வாரம் கோபமாக இருந்துவிட்டு, பிறகு வருகிறவர்களிடம் எல்லாம் என் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

ஆனால் எனக்குப் பல வருஷம் விளங்காதது மறுநாள் காலை நடந்ததுதான். பெண்ணின் வீட்டில் இன்னும் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மூன்று பேரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். சித்தி டிஸ்க்கை எடுத்து, "எல்லாம் நீ சொன்ன மாதிரி வந்துக்குதா, ஒருவாட்டி பாத்துக்கிறியா?" என்று கேட்டாள். முந்தின நாள் முழுக்க ஒவ்வொரு நொடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள், "வேணாங்க்கா, இருக்கும்" என்று சொல்லி, திரையின் பக்கம் திரும்பாமலேயே டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.