வட்ட எழுத்தின் இடம்

தாக் யோங்சில் 1956-இல் ஹெர்யோங்கில் பிறந்தவள். வட கொரியாவின் விளிம்பில் உள்ள ஊர். ஆற்றுக்கு அந்தக் கரை சீனா. அங்கே நகர நூலகத்தில் பதினேழு வருடம் புத்தகப் பட்டியல் அட்டைகளைப் பார்த்துக்கொண்டாள். மொத்தம் 23,480 அட்டைகள். ஒன்றுகூட அவள் கையில் தொலைந்ததில்லை. பஞ்சத்தில் ஆற்றைக் கடந்து வந்தபோது அவளுக்கு மிஞ்சியது அந்தப் பெருமை ஒன்றுதான்.

தென் கொரியாவுக்கு வந்து முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், வடக்கத்திக்காரி என்று தெரிந்த மறுநாளே கிடங்குச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதனால் 2002 ஜூனில் முக்ஹோ துறைமுகத்துச் சின்ன மருத்துவமனையில் கோப்பறை வேலை கிடைத்தபோது, சொந்த ஊர் தெற்கிலேயே உள்ள காங்னுங் என்று சொல்லிவைத்தாள். கிழக்குப் பகுதிப் பேச்சு வடக்கிலும் தெற்கிலும் ஓரளவு ஒத்திருக்கும், யாரும் சந்தேகப்படவில்லை. மருத்துவமனையின் டாக்டர் மாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

ஆகஸ்ட் 31-ஆம் தேதிப் புயலில் கீழ்த்தளம் மூழ்கியது. நோயாளிகளின் கோப்புகளை மாடியில் குவித்தார்கள். யோங்சில் தனியாளாகப் பதினோரு நாள் உட்கார்ந்து, தாள் தாளாக உலர்த்தி, குடும்பப் பெயர் வரிசைப்படி புது அலமாரிகளில் அடுக்கினாள். 6,312 கோப்புகள்.

செப்டம்பர் 16, திங்கட்கிழமை, மருத்துவமனை மறுபடி திறந்தது. முதல் ஆளாக வந்தவர் கணவாய் மீன் பிடிக்கும் ஓக் தால்சு. தூண்டில் முள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. போன வருடம் ஏதோ ஊசி போட்டு அவர் முகமெல்லாம் வீங்கிப்போனது. எந்த மருந்து என்பது கோப்பில்தான் இருந்தது. கோப்பைக் காணோம்.

"ஓக் மட்டுமில்ல டாக்டர், ஆன் இல்ல, ஓ இல்ல, ஊர்ல பாதிப் பேருக்கு ஈ-ங்கறதுதான் குடும்பப் பேரு, அவங்களும் இல்ல!" தலைமைத் தாதி பாங் மால்ஹி மாடியிலிருந்து கத்தினாள். "ஸோன் முடிஞ்சதும் ஜாங் வந்துடுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

"என்னை வெள்ளம் கொண்டுபோயிடுச்சா?" என்றார் தால்சு. "அப்ப இந்தக் கை யாரோடது?"

கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த யோங்சிலுக்கு விஷயம் உடனே புரிந்தது. கொரிய மொழியில் உயிரொலியில் தொடங்கும் பெயர்களுக்கு முன்னால் ஒரு வெறும் வட்டம் போடுவார்கள். அங்கே அதற்கு ஓசை கிடையாது. தெற்கில் அந்த வட்டத்தின் இடம் வரிசையின் நடுவில். வடக்கில் எல்லா எழுத்துக்கும் கடைசியில். இது அவள் கண்ணுக்குத் தெரியும். கைக்குத்தான் பழைய பழக்கம் போகவில்லை.

மாடியேறிக் கடைசி அலமாரிக்குப் போனாள். ஹோங் பெயர்களைத் தாண்டிக் கையை விட்டு ஓக் தால்சுவின் கோப்பை உருவிக் கொடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பாங்குக்கு மூக்குக்கு மேல் கோபம். "சின்னப் பிள்ளைங்ககூட கா-நா-தா-ன்னு வரிசையா ஒப்பிக்குமே! ஏக்கா, இப்படியா கலைச்சுப் போடுவ?"

டாக்டர் மா சட்டென்று குறுக்கிட்டார். "விடு பாங், வெள்ள அவசரம். கொஞ்சம் கலைஞ்சிருக்கும்."

தப்பிக்க அதுவே போதும். ஆமாம் என்று தலையாட்டினால் ஊரும் தெரியாது, வேலையும் தங்கும். ஆனால் 'கலைஞ்சிருக்கும்' என்ற சொல்லை அவளால் ஏற்க முடியவில்லை.

"எதுவும் கலையல டாக்டர்," என்றாள். "சத்தம் போடுறதெல்லாம் முன்னால, சத்தமில்லாதது கடைசியில. எங்க ஊர்ல இதுதான் வரிசை. வாயில்லாத எழுத்தை நீங்க ஏன் நடுவுல உட்கார வச்சீங்கன்னு எனக்குத் தெரியாது."

"எங்க ஊரா? காங்னுங்லயா?" என்று கேட்டாள் பாங்.

"ஹெர்யோங்ல."

யோங்சில் கோப்பறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இங்க உங்க வரிசைதான் சரி. பழைய கைப்பழக்கத்துல அடுக்கிட்டேன், அது என் தப்பு," என்றாள். "இன்னைக்கே மாத்திடுறேன். ஆனா ஒண்ணு தொலைஞ்சிருந்தாலும் சாவியை இங்கயே விட்டுட்டுப் போயிடுறேன். எண்ணிப் பாருங்க."

பாங் விடுகிற ஆள் இல்லை, எண்ணினாள். ஒருத்தி 1,740 கோப்புகளைக் கடைசியிலிருந்து தூக்கி நடுவுக்கு மாற்ற, இன்னொருத்தி பக்கத்திலேயே நின்று எல்லா அலமாரிகளையும் எண்ணிக்கொண்டு வந்தாள். மாலை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. 6,312.

பாங் கூட்டலை இன்னொரு தடவை சரிபார்த்தாள். பிறகு, "ஹெர்யோங் அக்கா, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கியே. சாவியை எடுத்துக்க, சாப்பிடப் போலாம்," என்றாள். அன்று முதல் துறைமுகம் முழுக்க அவளுக்கு அதுவே பெயர். 2016-இல் ஓய்வு பெறும்வரை சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

கோப்பு கிடைத்த அந்த வாரக் கடைசியில் தால்சு கட்டுப்போட்ட கையோடு வந்து ஒரு கட்டு உலர்ந்த கணவாயை வைத்துவிட்டுப் போனார். கட்டுக்கு இருபது என்பது ஊர் வழக்கம். யோங்சில் எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடி எண்ணிவிட்டுத்தான் சிரித்தாள்.